பாடசாலையின் திறமையா, பிள்ளைகளின் பின்னணியா?

பொதுப் பரீட்சைகளின் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் வீட்டிலும் வீதியிலும் பஸ் வண்டியிலும் அதுவே பேச்சாக இருக்கும். எந்தப் பாடசாலையில் எத்தனை பேர் சித்தியடைந்தனர், எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் திறமை காட்டினர் என்று எண்ணிப் பார்ப்போம். பார்த்த மாத்திரத்தே இது சிறந்த பாடசாலை, அது தாழ்ந்த பாடசாலை என்று தீர்ப்பும் கூறிவிடுவோம். அத்தீர்ப்பை நம்பியே பெற்றோர் பலர் தம் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்கின்றனர்.

ஆயினும் ஒரு கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அப்பாடசாலையின் வாயிலினூடே உள்ளே சென்ற பிள்ளைகள் யாவர்? கற்ற பெற்றோரும், தனிப்பாடத்துக்குக் கொடுக்கப் பணமும், இருந்து படிக்க அமைதியான ஓர் இடமும் வாய்க்கப்பெற்ற பிள்ளைகள் கூடுமிடத்திற் பெறுபேறு உயர்ந்திருப்பது வியப்பன்று. அவ்வுயர்வில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதே அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கல்வி ஆராய்ச்சியாளர் அரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்வினாவோடு போராடி வருகின்றனர். அவர்களுக்கு ஓரளவு தெளிவைக் கொடுத்தது ஒரு சிறு நகரத்து இடைநிலைப் பாடசாலை. அதன் வரலாற்றை இவ்வாரம் வாசகர்களின் முன் வைக்கிறேன்.

முதலிற் பழைய கதையைச் சிறிது கூறவேண்டும். கல்வி வாய்ப்பு எல்லா இனத்தவர்க்கும் சமமாகக் கிடைக்கின்றதா என்று ஆராய்ந்து அறிக்கை தருமாறு 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் பணித்தது. ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியற் பேராசிரியரின் தலைமையில், சுமார் 4,000 பாடசாலைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 6 இலட்சம் மாணாக்கரைப் பற்றிய விபரங்கள் திரட்டப்பெற்றன. 1966ஆம் ஆண்டில் அறிக்கை வெளியாயிற்று. கட்டடமும் ஆய்கூடமும் நூல்நிலையமும் குறைந்தமையாற்றான் கறுப்பினப் பிள்ளைகள் பின்தங்கினர் என்று அது கூறும் எனப் பலர் எதிர்பார்த்திருந்தனர். அறிக்கையோ, பாடசாலைகளின் வசதி வேறுபாட்டிலும் பார்க்கக் குடும்பப் பின்னணியும் உடன் கற்கும் பிள்ளைகளின் நிலையுமே பெறுபேற்றோடு மிக நெருங்கிய தொடர்புடையன என்று கூறிற்று.

பாடசாலையால் ஆவது அதிகம் இல்லை என்பதே இதன் பொருள் என்று சிலர் கொண்டனர். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்க்கு இதனினும் கசப்பான செய்தி வேறு என்ன இருக்க முடியும்? பிறந்த வீடே பிள்ளையின் எதிர்காலத்தை எழுதி முடித்துவிடுமாயின், கரும்பலகையின் முன் நின்று நாம் எழுதுவதற்குப் பயன் யாது? வறிய வீட்டுப் பெற்றோர் தம் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதில் வைத்திருக்கும் நம்பிக்கைக்குத்தான் ஆதாரம் யாது? ஆகவே இக்கேள்வி புள்ளிவிபர அறிஞர்களோடு நின்றுவிடும் ஒன்றன்று.

அந்நாட்டிற் பாடசாலைகளின் விபரம் இன்று எவ்வாறு வெளியிடப்படுகின்றது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 2002ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த ஒரு மத்திய அரசுச் சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணாக்கர் அனைவரையும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சிக்கவேண்டும் என்று விதித்தது. பெறுபேற்றை ஒரே சராசரியாக வெளியிடுதல் போதாது என்றும் அச்சட்டம் கூறிற்று. இன வாரியாகவும், வறிய பிள்ளைகள், ஊனமுற்ற பிள்ளைகள், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் என்று தனித்தனியாகவும் காட்டவேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றபோதிலும் இவ்விதி நிலைபெற்றது. சராசரி என்பது பலவற்றை மறைக்கவல்லது. வகுப்பிற் பாதிப்பேர் 90 புள்ளியும் மறுபாதியினர் 30 புள்ளியும் பெற்றால் சராசரி 60 ஆகும். அந்த 60ஐக் கண்டு மகிழ்ந்திருக்கும் பாடசாலை, 30 பெற்ற பிள்ளைகளை மறந்துவிடக் கூடும்.

வறுமையை அவர்கள் அளக்கும் முறையும் குறிப்பிடத்தக்கது. பாடசாலையில் மதிய போசனத்தை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ பெறும் பிள்ளைகளின் தொகையே நெடுங்காலமாக அளவுகோலாக இருந்தது. குடும்ப வருமானம் அரசாங்கம் வகுத்த வறுமைக் கோட்டின் 130 வீதத்துக்கு மேற்படாவிட்டால் உணவு இலவசம். 185 வீதத்துக்கு மேற்படாவிட்டாற் குறைந்த விலை. 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வறுமை மிகுந்த பகுதிகளிலுள்ள பாடசாலைகள் விண்ணப்பம் எதுவும் கேளாமல் எல்லாப் பிள்ளைகளுக்குமே இலவச உணவு வழங்க வழிசெய்தது. பசித்த பிள்ளைக்கு அது நன்மையே. எனினும் அதன்பின் அந்த அளவுகோலை முன்போல அப்படியே நம்ப முடியாது என்பதைப் பட்டியல் வாசிப்போர் நினைவிற் கொள்ளவேண்டும்.

இனி நாம் எடுத்துக்கொண்ட பாடசாலைக்கு வருவோம். அது ‘சாட்டர்’ பாடசாலை வகையைச் சேர்ந்தது. பட்டயப் பாடசாலை என்று தமிழிற் கூறலாம். 1991ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலம் இதற்கான முதற் சட்டத்தை இயற்றியது. மறு வருடமே சென் போல் நகரில் முதற் பாடசாலை திறக்கப்பட்டது. இவை தனியார் பாடசாலைகள் அல்ல. பொதுப் பணத்தில் இயங்குவன, கட்டணம் அறவிடுவதில்லை. ஆயினும் பட்டினத்துக் கல்விச் சபையின் நேரடி ஆட்சிக்கு உட்படாமல், ஆசிரியரை நியமிப்பதிலும் நேரசூசியை வகுப்பதிலும் கூடிய சுதந்திரம் உடையவை. அதற்கு ஈடாக, குறித்த கால எல்லைக்குள் இன்னின்ன பயனைக் காட்டுவோம் என்று ஒப்புக்கொண்டு பட்டயம் பெறுகின்றன. காட்டத் தவறினாற் பட்டயம் புதுப்பிக்கப்படாது.

இவற்றிற் சேரும் முறையே நம் விடயத்துக்கு முக்கியமானது. நம் நாட்டில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியே புகழ்பெற்ற பாடசாலைகளின் வாயிலிற் காவல் நிற்கின்றது. பட்டயப் பாடசாலையில் அவ்வாறு புள்ளியைக் கொண்டு பிள்ளையைத் தெரிவு செய்தல் பொதுவாக ஆகாது. இடத்திலும் பார்க்க விண்ணப்பம் கூடினால், திருவுளச் சீட்டு எடுத்தே இடம் கொடுக்கவேண்டும். முன்பே அங்கு படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்க்கு முன்னுரிமை உண்டு. ஏனையோர்க்குச் சீட்டே முடிவு.

மசாசூசெட்ஸ் மாநிலத்திற் பொஸ்டன் நகருக்கு வடக்கே, சுமார் 16 கிலோமீற்றர் தொலைவில், லின் என்னும் நகரம் உள்ளது. ஒருகாலத்திற் சப்பாத்துத் தொழிலாற் பேர்பெற்ற ஊர். தொழிற்சாலைகள் மூடுண்ட பின் வறுமை வந்தது. டொமினிக்கன் குடியரசு, குவாட்டமாலா, கம்போடியா முதலிய நாடுகளிலிருந்து குடியேறியோரும் வந்தனர். 2004ஆம் ஆண்டில் அங்கே ‘கிப்’ அமைப்பின் பாடசாலையொன்று, ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கென்று தொடங்கப்பட்டது. ‘அறிவே ஆற்றல்’ என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ‘கிப்’ என்னும் பெயர். மைக் பைன்பேர்க், டேவ் லெவின் என்னும் இரு இளம் ஆசிரியர்கள் 1994ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரில் ஒரேயொரு ஐந்தாம் வகுப்போடு தொடங்கிய முயற்சி பின்னர் நாடெங்கும் பரவியது.

லின் பாடசாலையிற் சேர்ந்தோரிற் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்தினர், பெரும்பாலோர் வறியவர். அக்காலத்திற் காலை ஏழரை மணியளவில் தொடங்கிய பாடசாலை மாலை ஐந்து மணியளவிலேயே முடிந்தது. சில சனிக்கிழமைகளிலும் கோடை விடுமுறையின் ஒரு பகுதியிலும் வகுப்பு இருந்தது. பெற்றோரும் மாணாக்கரும் ஆசிரியரும் தத்தம் கடமையை நிறைவேற்றுவோம் என்று உறுதிப்பத்திரத்திற் கையொப்பமிட்டனர். ஒழுங்கு கடுமையாக இருந்தது. ஆசிரியர்கள் பெரும்பாலும் இளைஞர்களாக இருந்தனர். பிள்ளைகளின் பெறுபேறு உயர்ந்தது, புகழும் வந்தது.

புகழோடு ஐயமும் வந்தது. நீண்ட நேரப் படிப்புக்கும் கடும் ஒழுங்குக்கும் உடன்பட்டு விண்ணப்பம் அனுப்பும் பெற்றோர் யாவர்? பிள்ளையின் கல்வியிற் கண்ணுங் கருத்துமாக இருப்போர். அத்தகையோரின் பிள்ளைகள் எங்கே படித்தாலும் முன்னேறுவர் அல்லவா? அப்படியானால் அயலிலுள்ள சாதாரண பாடசாலையோடு இதனை ஒப்பிட்டுப் புகழ்வது நியாயமாகாது என்று பலர் கூறினர். அவர்கள் கூறியதில் உண்மை இருந்தது.

இவ்வையத்தைத் தீர்க்கத் திருவுளச் சீட்டே துணைசெய்தது. சீட்டு எடுக்கும் நாளில் இரண்டு கூட்டம் பிள்ளைகள் உருவாகின்றனர். இரு கூட்டத்தினரின் பெற்றோரும் விண்ணப்பித்தவர்களே, ஆர்வம் உடையவர்களே. வறுமை, மொழி, முன்னைய புள்ளி ஆகியவற்றிலும் இரு கூட்டமும் சராசரியில் ஒத்தனவாகவே இருக்கும். பிரித்தது சீட்டு ஒன்றே. ஆகவே சில ஆண்டுகளின் பின் இரு கூட்டத்தின் புள்ளிகளிலும் வேறுபாடு தோன்றினால், அதற்குப் பாடசாலையே காரணம் என்று துணிந்து கூறலாம். ஜோசுவா அங்கிரிஸ்ட் என்னும் பொருளியற் பேராசிரியரும் அவருடைய நண்பர்களும் 2005ஆம் ஆண்டு முதலான சீட்டுப் பதிவுகளைப் பெற்று, மாநிலப் பரீட்சைப் புள்ளிகளோடு பொருத்திப் பார்த்தனர். சீட்டு விழுந்தும் சேராதவரையும், சேர்ந்து இடையில் விலகியவரையும் அவர்கள் கணக்கிலிருந்து நீக்கவில்லை. சீட்டு விழுந்தோர் கூட்டத்திலேயே வைத்துக் கணித்தனர். கெட்டிக்காரரை மாத்திரம் எண்ணினர் என்னும் பழிக்கு இடம் இருத்தலாகாது என்பதே காரணம். இத்தகைய இயற்கைப் பரிசோதனைகளிலிருந்து காரண காரியத்தை அறியும் முறைகளுக்காக 2021ஆம் ஆண்டின் பொருளியல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றவர்களுள் இவரும் ஒருவர்.

2012ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய முடிவு இது. அப்பாடசாலையிற் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கணிதத்தில் ஏறத்தாழ 0.35 நியம விலகலும், வாசிப்பில் 0.12 நியம விலகலும் முன்னேற்றம் காணப்பட்டது. நியம விலகல் என்பது புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதை அளக்கும் கணியம். எளிமையாகச் சொல்வதாயின், நூறு பிள்ளைகளின் வரிசையில் 50ஆம் இடத்தில் நிற்கும் பிள்ளை, ஒரு வருடத்திற் கணிதத்தில் ஏறத்தாழ 36ஆம் இடத்துக்கும், வாசிப்பில் ஏறத்தாழ 45ஆம் இடத்துக்கும் முன்னேறுவதற்கு இது சமம். அன்றியும், தொடக்கத்திற் புள்ளி குறைந்திருந்த பிள்ளைகளே அதிக பயன் பெற்றனர். ஆங்கிலம் போதிய அளவு வராத பிள்ளைகளும், விசேட கல்வி தேவைப்பட்ட பிள்ளைகளும் வாசிப்பில் ஏனையோரிலும் மிகுதியாக முன்னேறினர்.

குடும்பப் பின்னணி பொய் என்று இதனாற் கொள்ளலாகாது. அதன் வலிமை மெய்யே. ஆனால் அவ்வலிமையை எதிர்த்து நிற்கப் பாடசாலையால் இயலும் என்பதற்கு இது சான்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அது உலைப்பானைக்குப் பொருந்தும், பாடசாலைகளுக்குப் பொருந்தாது. 2009ஆம் ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு நிலையமொன்று 16 ஆட்சிப் பகுதிகளின் பட்டயப் பாடசாலைகளை ஆராய்ந்தது. கணிதத்தில் அயற் பாடசாலைகளிலும் பார்க்க மேம்பட்டவை 17 வீதமே. 37 வீதமானவை தாழ்ந்திருந்தன. எஞ்சியவற்றில் வேறுபாடு தோன்றவில்லை. அதே நிலையத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையிற் பட்டயப் பாடசாலைகள் சராசரியிற் சிறிதளவு முந்தியிருந்தன. ஆகவே பெயர்ப் பலகையைக் கண்டு மயங்குவதற்கு இடமில்லை.

‘கிப்’ இடைநிலைப் பாடசாலைகள் 43ஐ ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு அறிக்கையொன்று, மாணாக்கரின் பின்னணியையும் பெறுபேற்றையும் அருகருகே வைத்துக் காட்டியது. மாணாக்கரில் 96 வீதத்தினர் கறுப்பினத்தவர் அல்லது இலத்தீன் அமெரிக்க வழியினர். 83 வீதத்தினர் இலவச அல்லது குறைந்த விலை உணவுக்கு உரியவர். ஆனால் விசேட கல்வி பெறுவோர் 9 வீதமே. அவர்கள் முன்பு படித்த பாடசாலைகளில் அத்தொகை 13 வீதம். ஆங்கிலம் கற்போர் 10 வீதம். முன்னைய பாடசாலைகளில் 15 வீதம். மூன்று வருடங்களின் முடிவிற் கணிதத்திற் சுமார் 11 மாதப் படிப்பும் வாசிப்பிற் சுமார் 8 மாதப் படிப்பும் மேலதிகமாகக் கிடைத்ததற்குச் சமமான முன்னேற்றம் காணப்பட்டது. நன்னடத்தையையும் விடாமுயற்சியையும் தம் இலட்சியமாகக் கூறிய இப்பாடசாலைகளில் அக்குணங்கள் வளர்ந்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை. பெற்றோரோடு வாதாடியதாகவும் பொய் சொன்னதாகவும் ஒப்புக்கொண்ட பிள்ளைகள் சற்றுக் கூடுதலாகவும் இருந்தனர். புள்ளிகள் அளப்பது கல்வியின் ஒரு பகுதியையே என்பதற்கு இது ஒரு நினைவூட்டல்.

பிற்காலப் பயனையும் நோக்கவேண்டும். இடைநிலை வகுப்பை மாத்திரம் அங்கே முடித்து வெளியேறியோரிற் பட்டம் பெறுவோரின் தொகை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று 2023ஆம் ஆண்டில் வெளியான தொடராய்வு கூறியது. அதே அமைப்பின் உயர்வகுப்புகளிலும் தொடர்ந்து படித்தோரிடையே அத்தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. நான்கு வருட உழைப்பைப் பாதியிற் கைவிட்டால் அதன் பயன் கரைந்துபோகக் கூடும் என்பது இதிலிருந்து பெறப்படுகின்றது.

நல்ல பாடசாலையை நல்லதாக்குவது எது? நியூயோர்க் நகரத்தின் 39 பட்டயப் பாடசாலைகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் இரு பொருளியலாளர் விடை கூறினர். வகுப்பின் அளவோ, பிள்ளையொன்றுக்குச் செலவிடும் பணமோ, ஆசிரியரின் சான்றிதழோ திறமான பாடசாலையை இனங்காட்டவில்லை. ஐந்து பழக்கங்களே காட்டின: ஆசிரியரின் கற்பித்தலை அடிக்கடி பார்த்து அறிவுரை கூறுதல், பிள்ளைகளின் புள்ளிகளை ஆராய்ந்து கற்பித்தலைத் திருத்துதல், சிறு குழுக்களாக இருத்தி அடிக்கடி தனிப்பயிற்சி அளித்தல், கற்பிக்கும் நேரத்தைக் கூட்டுதல், எல்லாப் பிள்ளைகளிடமும் உயர்ந்ததை எதிர்பார்த்தல். பாடசாலைகளிடையே காணப்பட்ட திறமை வேறுபாட்டில் ஏறத்தாழ 45 வீதத்தை இவ்வைந்தும் விளக்கின.

இவற்றைச் சாதாரண அரசாங்கப் பாடசாலைகளில் செய்ய இயலாதா? ஹூஸ்டன் நகரில் 2010ஆம் ஆண்டு முதல், மிகத் தாழ்ந்த பெறுபேறுடைய 20 பாடசாலைகளில் இவ்வைந்தையும் புகுத்திப் பார்த்தனர். சீட்டும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. அயலிலுள்ள பிள்ளைகளே வந்தனர். கணிதத்தில் வருடத்துக்கு 0.15 முதல் 0.18 வரை நியம விலகல் முன்னேற்றம் ஏற்பட்டது. வாசிப்பில் மாற்றம் மிகச் சிறிதே. மொழியறிவு வீட்டோடும் அயலோடும் பின்னிப் பிணைந்தது. பாடசாலையின் கை அங்கே எளிதில் எட்டுவதில்லை போலும்.

பட்டயப் பாடசாலைகள் பெருகவேண்டுமா என்னும் வழக்கு அந்நாட்டில் இன்னும் தீர்ந்தபாடில்லை. நல்ல பெறுபேறு கண்ட மசாசூசெட்ஸ் மாநிலத்திலேயே, அவற்றின் தொகையைக் கூட்டும் யோசனையை 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் மக்கள் பெரும்பான்மையால் நிராகரித்தனர். சாதாரண பாடசாலைகளின் பணம் குறைந்துவிடும் என்னும் அச்சமே முக்கிய காரணமாகக் கூறப்பட்டது. அவ்வழக்கிற் புகுவது என் நோக்கமன்று.

பெற்றோர்க்கும் மாணாக்கர்க்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஒரு பாடசாலையின் பெறுபேற்றைக் காணும்போது சில கேள்விகளையும் கூடவே கேளுங்கள். பிள்ளைகள் எத்தகைய புள்ளிகளோடு அங்கே சேர்ந்தனர்? பரீட்சைக்கு முன் எத்தனை பேர் விலகினர், அல்லது விலக்கப்பட்டனர்? வறிய வீட்டுப் பிள்ளைகளும் பின்தங்கிய பிள்ளைகளும் தனியாக எண்ணப்பட்டால் எவ்வாறு தேறினர்? 80 புள்ளியோடு வந்தவரை 85க்கு உயர்த்திய பாடசாலையிலும், 30 புள்ளியோடு வந்தவரை 55க்கு உயர்த்திய பாடசாலை அதிகம் உழைத்திருக்கின்றது. பட்டியலில் அது கீழேதான் நிற்கும். அங்கே கற்பிக்கும் ஆசிரியரை ஊரார் பாராட்டுவதும் அரிது.

லின் நகரத்திற் சீட்டு விழாத பிள்ளைகளையும் மறக்கலாகாது. அவர்களும் விண்ணப்பித்தவர்களே. சீட்டு விழுந்தோர் எவ்வளவு முன்னேறினர் என்று உலகம் அறிந்துகொண்டது, இவர்களை அருகே வைத்துப் பார்த்ததனால்தான். அப்பிள்ளைகள் மறுநாட் காலையிற் சென்றது அயலிலுள்ள சாதாரண பாடசாலைக்கு. உலகத்துப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் செல்வதும் அத்தகைய பாடசாலைக்கே. அங்கே கற்பித்தல் சிறக்கவேண்டும். அதற்கு வேண்டிய நேரமும் ஆளும் பணமும் கொடுக்கப்படவேண்டும். ஒரு பிள்ளை நன்றாகக் கற்பதற்குச் சீட்டின் தயவு தேவைப்படும் நிலை எந்த நாட்டுக்கும் பெருமை தருவதன்று.